பாண்டித்துரை பெயரில் ஓர் இருமல்

1

இந்தக் கதை எனக்கு இலவசமாகக் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு யாராவது உரிமை கேட்டு வந்தால் நீங்கள்தான் சாட்சி.

திருப்பூரில் லேபிள் அச்சடிக்கிற சின்ன யூனிட் என்னுடையது. பனியன் கழுத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அரிக்குமே, அதுதான் என் சரக்கு. என் எழுத்துகளில் அதிகப் பதிப்பு கண்டது ‘அடர்நிறத் துணிகளைத் தனியே துவைக்கவும்’ என்ற வாக்கியம். ஐரோப்பாவில் அதை முதுகில் சுமக்காதவர்கள் குறைவு. ஒருவர்கூடக் கடிதம் போட்டதில்லை. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். அதற்கும் கடிதம் வருவதில்லை.

போன வருடம் சரக்கு இறக்க ஒரு குட்டி யானை வண்டி வாங்கினேன். அதற்கு ஓட்டுநராக வந்தவர் பாண்டித்துரை. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், அளந்து பேசுபவர். சேர்ந்த வாரத்தில் வெள்ளகோவிலுக்கு ஒரு லோடு. நானும் கூடப் போனேன். வழியில் இருமினேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டார்.

“ரெண்டு வாரத்துக்கு மேல இருக்காண்ணே?”

“நேத்துல இருந்துதானுங்க. தூசி.”

“இருந்தாலும் சளி குடுத்துப் பாத்துருங்கண்ணே. ஆனா அங்க பேரு கேட்டா உங்க பேரைச் சொல்லுங்க.”

“வேற யார் பேரைச் சொல்லுவாங்க?”

பாண்டித்துரை கியரைப் போட்டார். “எம் பேரைச் சொல்லுவாங்கண்ணே.”

காங்கயம் தாண்டுவதற்குள் முக்கால் கதை கிடைத்துவிட்டது. மீதிக் கால் பாகத்தை அவர் மனைவி நாகஜோதி சொன்னார். அதுதான் கனமான பாகம்.

2

தொடக்கம் எழுத மூன்று முறை முயன்றேன். மூன்றையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

முதல் முயற்சி: ‘அர்த்தநாரி தன் வாழ்நாளில் முதல்முறையாகச் சிவப்பைப் பழுப்பு என்று சொன்ன அன்று, சாயப் பட்டறையில் இருந்த அத்தனை பேரும்—’

[நிறுத்திவிட்டேன். இவ்வளவு எளிதாக வருகிற வாக்கியத்தை வேறு யாரோ ஏற்கெனவே எழுதியிருப்பார்கள்.]

இரண்டாம் முயற்சி: ‘காசநோய் காற்றின் மூலம் பரவும் ஒரு தொற்றுநோய். முறையாக மருந்து உட்கொண்டால்—’

[இது அரசு மருத்துவமனைச் சுவரில் இருக்கிறது. என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறார்கள்.]

மூன்றாம் முயற்சி: ‘தன் கணவனின் சிறுநீர் என்ன நிறம் என்று பார்ப்பதற்காக நாகஜோதி கழிவறைக் கதவோரம் காத்திருந்தார்.’

இதுதான் உண்மையான தொடக்கம். இங்கே வைத்தால் பாதிப் பேர் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். ஆகவே அதை நடுவில் ஒளித்து வைக்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்வதாக முடிவு. கற்பனை வளம் இல்லாத எழுத்தாளர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

3

அர்த்தநாரியைக் கெட்டவராக எழுத எனக்கு மிகுந்த ஆசை இருந்தது. திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனியும் சாயப் பட்டறையும் வைத்திருப்பவர். வயது ஐம்பத்தெட்டு. தோட்டம், கார், கல்யாண வயதில் மோனிஷா என்று ஒரே மகள். கம்பெனியில் யாராவது தொடர்ந்து இருமினால் “ஊருக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வா, சாமி” என்று பஸ் ஏற்றி விடுபவர். போனவர்களுக்கு வேறு ஆள் வந்துவிடும். கெட்டவருக்கு இவ்வளவு போதும்தானே?

பாண்டித்துரை ஒத்துக்கொள்ளவில்லை.

“அப்படி எழுதாதீங்கண்ணே. எம் மக வர்ஷினி காதுகுத்துக்கு ஊரு வரைக்கும் வந்து, பந்தியில உக்காந்து சாப்பிட்டுப் போனாரு. பன்னெண்டு வருசம் அவருகிட்ட வண்டி ஓட்டுனேன். ஒருநா வாடா போடான்னு பேசினது கிடையாது.”

மரியாதையாகப் பேசுகிற கெட்டவரை எழுதுவது சிரமம். எங்கள் ஊரில் எழுதுவது இன்னும் சிரமம்.

அந்த மரியாதைக்காரருக்கு ஒரு மழைக்காலத்தில் இருமல் வந்தது. சாயங்காலமானால் லேசான காய்ச்சல். உடம்பு இளைத்தது. நடைப்பயிற்சி நண்பர்கள், “சுகரைக் கன்ட்ரோல்ல வெச்சிருக்கீங்க போல” என்று பாராட்டினார்கள். சளியில் இரத்தம் தெரிந்த அன்று பாராட்டில் சந்தேகம் வந்து கோயமுத்தூருக்குக் கிளம்பினார். வண்டி ஓட்டியது பாண்டித்துரை.

மருத்துவமனை வாசலில் காரை நிறுத்தியதும் அர்த்தநாரி இறங்கவில்லை.

“ஏம் பாண்டி, உன்ர ஆதார் கார்டு வண்டீல வெச்சிருக்கியா?”

“இருக்குங்கய்யா.”

“ஒரு உதவி பண்ணோணும். உள்ள என்ர பேரைக் குடுத்தா நாளைக்கு ஊரெல்லாம் தெரிஞ்சு போயிரும். மோனிஷாவுக்கு வெள்ளகோவில்ல பேசிட்டிருக்கறது உனக்கே தெரியும். இந்த நோய் இருக்கிற ஊட்டுப் புள்ளைய எடுப்பாங்களா? சரக்கு வாங்கற பையருங்க காதுக்குப் போனா ஆர்டர் நிக்குமா? ஆறு மாசம். பேரு மட்டுந்தான் உன்து. நோய் என்ர கூடவே இருக்கும்.”

பாண்டித்துரை கார்டை எடுத்துக் கொடுத்தார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது என்று வர்ஷினி மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார் முதலாளி.

“ஏன் குடுத்தீங்க?” என்று வண்டியில் கேட்டேன்.

“கேட்டாருண்ணே.”

இதற்கு மேல் ஒரு காரணம் கண்டுபிடித்து எழுத வேண்டும் என்று ஒரு மாதம் யோசித்தேன். கிடைக்கவில்லை. ‘கேட்டாரு’ என்பதே எங்கள் பகுதியில் முழுமையான காரணம்.

4

பேர் மட்டும் என்றுதான் தொடங்கியது.

மருத்துவர் பழைய ரிப்போர்ட்டுகள் உண்டா என்று கேட்டார். அர்த்தநாரிக்கு ஒரு பை நிறைய இருந்தது. பத்து வருடச் சர்க்கரை, அதனால் கொஞ்சம் தளர்ந்த சிறுநீரகம், எல்லாம் அதில் உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் அர்த்தநாரி என்று போட்டிருந்தது. பாண்டித்துரையாக வந்தவர் அதை எப்படி எடுத்து நீட்டுவார்? “அப்படி ஒண்ணும் இல்லீங்க டாக்டர், நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லீங்க” என்றார்.

மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதி, திருப்பூரில் ஒரு லேபையும் குறித்துக் கொடுத்தார். அந்த லேப் வைத்திருப்பவர் அர்த்தநாரிக்குத் தூரத்துச் சொந்தம். பாண்டித்துரை என்ற பெயரோடு அங்கே போய்க் கையை நீட்ட முடியாது. எனவே பாண்டித்துரையே போய்க் கையை நீட்டினார். அருமையான இரத்தம். அருமையான சிறுநீரகம். மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்து, கவலையே இல்லாமல் மாத்திரைகளை முழு அளவில் எழுதினார்.

(இங்கே கொஞ்சம் சுவரொட்டி வாசகம் தேவைப்படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். காசநோய்க்குத் தருகிற மாத்திரைகளில் ஒன்று சிறுநீரையும் வியர்வையையும் கண்ணீரையும் ஆரஞ்சு நிறமாக்கும். அதனால் கெடுதல் இல்லை. இன்னொன்று, எத்தாம்பியூட்டால் என்று பெயர், அரிதாகச் சிலருக்குக் கண்ணுக்குப் போகும் நரம்பைப் பிடிக்கும். முதலில் சிவப்பும் பச்சையும் மங்கும். பிறகு பார்வையே மங்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அந்த மருந்து உடம்பைவிட்டுச் சீக்கிரம் வெளியேறாது என்பதால் ஆபத்து கூடுதல். நேரத்தில் கண்டுபிடித்து நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். அதற்காகத்தான் அவ்வப்போது கண்ணைச் சோதிக்கச் சொல்கிறார்கள்.)

சோதித்தார்கள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. தனியார் மருத்துவர் அரசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும், கொடுத்தார். தகவல் திருப்பூருக்கு வந்தது. காசநோய்ப் பிரிவிலிருந்து அனுப்பிரியா என்ற பெண் ஸ்கூட்டரில் கிளம்பினார். கம்ப்யூட்டர் காட்டிய முகவரியில் வண்டியை நிறுத்தினார். பத்து வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் லைன் வீடு. எல்லோரும் பார்க்கும்படி நடுவில் நின்று கேட்டார்.

“ஏனுங்க, இங்க பாண்டித்துரைங்கிறது யாருங்க?”

* அனுப்பிரியாவை ஒரு அலட்சியமான ஊழியராக எழுதியிருந்தால் கதை சுலபமாக நகர்ந்திருக்கும். அவர் தன் வேலையை மிகச் சரியாகச் செய்கிறவராக அமைந்துவிட்டார். இந்தக் கதையில் நடந்த சேதத்தில் பெரும்பகுதி அதனால்தான்.

5

நாகஜோதி வேறொரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்பவர். மாலை வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டுக்காரி தன் தண்ணீர்க் குடத்தைக் குழாயடியிலிருந்து தள்ளி வைத்தாள். அப்படித்தான் கணவனுக்குக் காசநோய் என்ற செய்தி நாகஜோதிக்குத் தெரிந்தது.

“ஆமா” என்றார் பாண்டித்துரை. வேறு என்ன சொல்வார், மகள் மேல் சத்தியம்.

“ஏய்யா எங்கிட்ட சொல்லல?”

“நீ பயந்துருவேன்னு சொல்லல.”

அடுத்த வாரங்களில் நடந்ததை நாகஜோதி என்னிடம் கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னார். அனுப்பிரியா வந்து வர்ஷினியைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனார். நோய் இல்லை, ஆனாலும் வீட்டில் நோயாளி இருப்பதால் வராமல் தடுக்க மாத்திரை கொடுத்தார்கள். ஒன்பதாவது படிக்கிற பெண் தினமும் வாந்தி வருகிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். பள்ளியில் பக்கத்தில் உட்காருகிற தோழி இடம் மாறினாள். நாகஜோதியின் சூப்பர்வைசர், “தொத்து இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வாங்கக்கா, அது வரைக்கும் வராதீங்க” என்றார். கெட்டவார்த்தை எதுவும் சொல்லவில்லை.

(அதே நேரத்தில், உண்மையான நோயாளியோடு ஒரே வீட்டில், ஒரே ஏசி ஹாலில் மோனிஷா இருந்தார். அவரை யாரும் பரிசோதிக்கவில்லை. கம்ப்யூட்டரில் அவர் யாருக்கும் மகள் இல்லை.)

அனுப்பிரியா ஒவ்வொரு முறையும் கேட்கிற கேள்விகள் நாகஜோதிக்கு மனப்பாடம் ஆகிவிட்டன.

“அக்கா, சார் மாத்திரை விடாமப் போடறாருங்களா? ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சு கலரா வருதுங்களா? கண்ணு மங்குதுன்னு சொல்றாருங்களா? சிவப்பு பச்சை எல்லாம் சரியாத் தெரியுதுங்களா?”

கண்ணுக்கு அவரே பாண்டித்துரையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். புள்ளிப் படங்களுக்குள் ஒளிந்திருந்த எண்களைப் பாண்டித்துரை ஒன்று விடாமல் படித்துக் காட்டினார். கண் பிரமாதம் என்று பதிவானது.

சிறுநீர் விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டார். நாகஜோதி கழிவறைக் கதவோரம் காத்திருந்தார். [ஒளித்து வைத்த வாக்கியம் இங்கே.] எட்டிப் பார்த்தார். ஆரஞ்சு இல்லை. மறுநாளும் இல்லை. அப்படியென்றால்?

“நீ மாத்திரையே போடல. வாங்கிட்டு வந்து எங்கய்யா கொட்டுற? எம் பிள்ள நோவு இல்லாமயே முழுங்கிட்டுக் கெடக்கு. நோவு வந்த ஒனக்கு முழுங்க வலிக்குதா? செத்துக்கித்துப் போனீன்னா நாங்க என்ன பண்றது?”

அழுதார். சோறு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, சாப்பிடாமல் அழுதார். இரண்டு நாள் தாங்கினார் பாண்டித்துரை. மூன்றாம் நாள் மளிகைக் கடைக்குப் போய்க் கேசரிப் பவுடர் வாங்கினார், தண்ணீரில் கரைத்தால் ஆரஞ்சாகிற சிவப்புப் பொடி.

அன்றிலிருந்து அந்த வீட்டுக் கழிவறையில் ஆரஞ்சு ஓடியது. நாகஜோதி நிம்மதியாகத் தூங்கினார். எனக்குத் தெரிந்து, பெண்டாட்டியின் நிம்மதிக்காக ஒரு மனிதன் செய்த மிக விசித்திரமான சமையல் இது.

சட்டையைத் துவைக்க எடுத்தபோது பாக்கெட்டிலிருந்து பொட்டலம் விழுந்தது. நாகஜோதி அதை முகர்ந்து பார்த்தார். வீட்டில் கேசரி செய்து வருடமாகியிருந்தது.

“இப்பச் சொல்லு” என்றார்.

சொன்னார். சத்தியத்தை மீறுவதற்குப் பரிகாரமாக வர்ஷினியின் தலையைத் தொட்டு ஒரு ரூபாயைச் சாமிக்கு முடிந்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார்.

6

இதே மாதங்களில் சாயப் பட்டறையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இதைப் பாண்டித்துரை பார்க்கவில்லை. அங்கே வேலை பார்த்த முனீஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாயம் போட்ட துணி, வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரித் துண்டோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது முனீஸின் வேலை. ஷேடு இன்சார்ஜ் என்று பெயர். ஆனால் கடைசி வார்த்தை எப்போதும் முதலாளியுடையது. அர்த்தநாரி ஜன்னல் வெளிச்சத்தில் துணியைத் தூக்கிப் பிடித்து, “அரைக்கால் சிவப்பு தூக்கலா இருக்குது” என்பார். அதற்குப் பிறகு நிறம் அளக்கிற மெஷினில் வைத்துப் பார்த்தால் அதுவும் அதையே சொல்லும். மெஷின் அவரிடம் கற்றுக்கொண்டது என்று பேசிக்கொள்வார்கள்.

கிறிஸ்துமஸுக்கான குழந்தைகள் பனியன். நல்ல சிவப்பு.

“என்ன முனீசு, சிவப்பு கேட்டாக் கருப்பட்டி கலர்ல போட்டு வெச்சிருக்கிறே?”

முனீஸ் துணியைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். “சிவப்புத்தான சார் இது?”

“அப்ப எனக்குக் கண்ணு தெரியலைங்கிறியா?”

இது கேள்வி இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் துணியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “லேசாப் பழுப்படிக்குதுங்க சார்” என்றார். இன்னொருவர், “காலைலயே நெனச்சேனுங்க” என்றார். மெஷினில் வைத்தார்கள், சரியான சிவப்பு என்றது. மெஷினை சர்வீசுக்கு அனுப்பினார்கள்.

முதலாளிக்குச் சிவப்பு தெரிகிற வரைக்கும் மறுபடி மறுபடி சாயம் ஏற்றினார்கள். கடைசியில் அவர் தலையாட்டியபோது துணி எரிவதுபோல இருந்தது. வாங்குகிற கம்பெனி மொத்தத்தையும் திருப்பியது. பழி விழ ஓர் ஆள் வேண்டும். முனீஸை, “கொஞ்ச நாள் வேற பக்கம் பாத்துக்க, சாமி” என்று அனுப்பிவிட்டார்கள்.

மோனிஷா அப்போதுதான் கம்பெனிக்கு வந்து பழகிக்கொண்டிருந்தார். “முதல்ல போட்டது நல்ல சிவப்புத்தானுங்களே அப்பா” என்று கேட்டிருக்கிறார்.

“உனக்கு இன்னும் கலர் பிடிபடலை, கண்ணு.”

முப்பது வருடம் நிறம் பார்த்த அப்பா சொல்கிறார். மோனிஷா யோசித்தார். கோயமுத்தூருக்குப் போய்த் தன் கண்ணைச் சோதித்துக்கொண்டு வந்தார். பழுதில்லை.

ஆக, பாண்டித்துரையின் கண்ணைச் சோதித்தாயிற்று. மோனிஷாவின் கண்ணைச் சோதித்தாயிற்று. மெஷினுடைய கண்ணையும் கழற்றித் துடைத்தாயிற்று.

[அர்த்தநாரிக்குள் அப்போது என்ன நடந்தது என்று ஒரு பத்தி எழுதி எடுத்துவிட்டேன். அவருக்குத் தெரிந்திருக்குமா? உலகம் பழுப்பாகிக்கொண்டு வருவதை ஒரு மனிதன் எப்போது தன் கண்ணின் குறை என்று ஒத்துக்கொள்கிறான்? எனக்குத் தெரியவில்லை. செய்தித்தாள் படிப்பதை அவர் நிறுத்தியிருந்தார் என்பது மட்டும் தெரியும். “எல்லாம் ஒரே செய்தி” என்று சொன்னாராம்.]

7

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகஜோதி டவுன் பஸ் ஏறி அர்த்தநாரியின் வீட்டுக்குப் போனார். கணவன் தடுத்தார், கேட்கவில்லை. பஸ்ஸில் போகும்போதே பேச வேண்டியதையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டாராம். என் பிள்ளை முழுங்கிய மாத்திரைக்கு என்ன பதில்? என் வேலைக்கு என்ன பதில்? குழாயடிக்கு என்ன பதில்?

ஹாலில் அர்த்தநாரி உட்கார்ந்திருந்தார். மோனிஷா மடியில் லேப்டாப். அர்த்தநாரிக்கு நாகஜோதியை அடையாளம் தெரியவில்லை.

“யாரு சாமி? கம்பெனில இருந்துங்களா?”

“பாண்டித்துரை பொண்டாட்டிங்கய்யா.”

அவர் முகம் மாறியது. “மோனிஷா, நீ உள்ள போ கண்ணு.”

“அவங்களும் இருக்கட்டும்ங்கய்யா.” நாகஜோதி பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் பிரித்து வைத்தார். மேசையெல்லாம் சிவந்தது. “இது என்னன்னு தெரியுதா? உங்க நோவை மறைக்க எங்க வீட்டுக்காரரு என்னென்ன வேசம் போட்டிருக்காருன்னு தெரியுதா?”

அர்த்தநாரி குனிந்து பார்த்தார். உண்மையாகவே குழம்பினார்.

“மல்லிப் பொடியை எதுக்கு சாமி இங்க கொண்டாந்து கொட்டறே?”

மோனிஷா லேப்டாப்பை மூடினார்.

நாகஜோதி அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் கலைந்துவிட்டன. அனுப்பிரியா மாதாமாதம் கேட்ட கேள்வி காதில் விழுந்தது. சிவப்பு பச்சை எல்லாம் சரியாத் தெரியுதுங்களா?

“அய்யா” என்றார். குரல் இறங்கிவிட்டது. “இது கேசரிப் பவுடருங்கய்யா. செக்கச் செவேல்னு இருக்கு. அந்த மாத்திரை உங்க கண்ணைப் பிடிச்சிருச்சு. இன்னைக்கே டாக்டரைப் பாருங்க.”

மோனிஷா எழுந்து வந்து அப்பாவின் முன்னால் மண்டியிட்டார். தன் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக் காட்டினார்.

“அப்பா, இது என்ன கலருங்கப்பா?”

அர்த்தநாரி பார்த்தார். முப்பது வருடமாகத் துணியைத் தூக்கிப் பிடித்த அதே கையால் நுனியை வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நீயே சொல்லு, கண்ணு” என்றார்.

பின்னாளில் நாகஜோதி என்னிடம் சொன்னது இது: “நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேக்கணும்னுதான் போனேண்ணே. அந்த மனுசன் அப்படி உக்காந்திருந்ததைப் பாத்ததும் எங் கோவத்தை எங்க வைக்கிறதுன்னே தெரியல. திருப்பி வீட்டுக்கே கொண்டுட்டு வந்துட்டேன்.”

8

இதற்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அர்த்தநாரி முழுதாகப் பார்வை இழக்கிறார். தண்டனை. என் நண்பர் ஒருவருக்கு மிகவும் பிடித்தது. அவர் பாண்டித்துரையோடு வெள்ளகோவில் போனதில்லை.

இரண்டாம் முடிவில் அர்த்தநாரி லைன் வீட்டுக்கு நேரில் வந்து, பத்து வீட்டுக்காரர்கள் முன்னால் கைகூப்பி உண்மையைச் சொல்கிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால் நீக்கிவிட்டேன்.

நடந்தது இது. அன்று மதியமே மோனிஷா வண்டியை எடுத்தார். சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் உள்ள அந்தப் பையோடு மருத்துவர் முன்னால் போய் நின்றார்கள். மருத்துவர் கண்ணைப் பிடித்த மாத்திரையை நிறுத்தினார். மற்றவற்றை அளவு பார்த்துக் கொடுத்தார். இன்னும் கொஞ்ச நாள் கடந்திருந்தால் எதுவும் சொல்வதற்கில்லை என்றார். மோனிஷாவையும் பரிசோதித்தார்கள். நோய் இல்லை. வர்ஷினி விழுங்கிய அதே தடுப்பு மாத்திரையை இப்போது அவர் விழுங்குகிறார். வாந்தி வருகிறது என்கிறாராம்.

கல்யாணப் பேச்சு? மாப்பிள்ளை தரணிக்கு மோனிஷாவே போன் போட்டுச் சொன்னார். இரண்டு நாள் சத்தமில்லை. அர்த்தநாரி சம்பந்தம் போயிற்று என்று படுத்துவிட்டார். அப்புறம் மாப்பிள்ளையின் அப்பா தனியாகக் காரில் வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அந்த டாக்டரு எப்படிங்க? வெளீல பேரு சொல்லமாட்டாருங்களா? நம்ம ஊட்லயும் ஒருத்தருக்கு இருக்குதுங்க.”

* இந்த இடத்தை நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். கதையில் நானாகச் சேர்த்ததுபோல இருப்பது இது ஒன்றுதான். நானும் நம்பாமல் மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும் சிரித்தார்கள்.

பெயரைத் திருத்தும் வேலையும் நடந்தது. அர்த்தநாரி அனுப்பிரியாவின் அலுவலகத்துக்குப் போய்த் தன் பெயரைச் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு காலைப்பொழுதில் மாறிவிட்டது. லைன் வீட்டில் அப்படி மாறவில்லை. அனுப்பிரியா வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தார். “அப்படியா, சந்தோசம்” என்றார்கள். குடம் தள்ளியே இருந்தது. நாகஜோதி குடும்பம் அவிநாசிப் பக்கம் வீடு மாறியது. பாண்டித்துரை காரை விட்டுவிட்டு என் குட்டி யானைக்கு வந்தார். அது நாகஜோதி எடுத்த முடிவு.

அர்த்தநாரியின் பார்வை பல மாதங்களில் திரும்பியது. சிவப்பு முதலில் துருவாக வந்து, பிறகு செங்கல்லாகி, அங்கேயே நின்றுவிட்டது. நோய் குணமாகிவிட்டது. முனீஸுக்கு ஆள் அனுப்பினார். முனீஸ் வரவில்லை.

“இப்ப இருக்கிற எடத்துல சிவப்பைச் சிவப்புன்னு சொன்னா ஒத்துக்குறாங்க சார்” என்றார் என்னிடம்.

9

எழுதி முடித்ததை நாகஜோதியிடம் படிக்கக் கொடுத்தேன். சம்பந்தப்பட்டவர்களிடம் காட்டுவது நாகரிகம் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். பாராட்டுவார் என்றும் எதிர்பார்த்தேன்.

என் யூனிட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையில் பேனாவோடு, செக்கிங் டேபிளில் பனியனைப் புரட்டுவதுபோல ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

“நான் கதவோரம் காத்துக்கிட்டெல்லாம் நிக்கல. தட்டித் தொறந்து பாத்தேன்.”

“மாத்திரலாமுங்க.”

“மொதலாளி பேரு அர்த்தநாரி இல்லையேண்ணே.”

“மாத்தியிருக்கறனுங்க. தெரிஞ்சா அவருக்குச் சங்கடம் பாருங்க. பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு எல்லாமே மாத்தியாச்சு. அனுப்பிரியா பேருகூட மாத்தியாச்சு, கவர்மென்ட் வேலை.”

“நல்லதுண்ணே.” முதல் தாளுக்குத் திரும்பிப் போனார். “எங்க வீட்டுக்காரரு பேரு மட்டும் அப்படியே இருக்கு.”

நான் யோசித்தேன். உண்மையில் மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவர் பேர் காதுக்கு நன்றாக இருந்தது. கதைக்குப் பொருத்தமாக இருந்தது. பக்கத்திலேயே இருந்தது.

“அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டனுங்களே” என்றேன். “போட்டுக்கங்கன்னாரு.”

“கேட்டா அவரு குடுத்துருவாருண்ணே.” அவர் குரலில் கோபம் இல்லை. “புது வீட்டுல இப்பத்தான் பக்கத்து வீட்டம்மா சாயங்காலம் வந்து உக்காந்து பேசுது. இது புஸ்தகமா வந்து யாராச்சும் படிச்சா, ‘அட, இது நம்ம பாண்டித்துரை’ம்பாங்க. கடைசி வரைக்கும் படிச்சாத்தான அவருக்கு நோவு இல்லைன்னு தெரியும்? கடைசி வரைக்கும் யாருண்ணே படிக்கிறா?”

இது ஓர் எழுத்தாளனைப் பார்த்துக் கேட்கக் கூடாத கேள்வி. ஆனால் நியாயமான கேள்வி.

அவர் பேனாவைத் திறந்தார். தலைப்பில் இருந்த பெயரை ஒரே கோடாக அடித்தார். மேலே கொஞ்சம் இடம் விட்டு, பேனாவை அங்கேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“வேற பேரு போடணும்ல? உங்க முழுப்பேரு என்னண்ணே?”

வீட்டில் ஒரு பெண் கல்யாணத்துக்கு இருக்கிறாள். கம்பெனிகளுக்குள் தினமும் போய்வருகிற தொழில். இருமினால் அடுத்தவர்கள் தள்ளி நிற்கிற ஊர். இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. “பாத்துச் சொல்றனுங்க” என்றேன். அவர் தலையாட்டினார். அந்தப் பதிலை அவர் எதிர்பார்த்திருந்தார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதற்கு முந்தைய நகல், இந்தக் கடைசிப் பகுதி மட்டும் பிறகு சேர்த்தது. அதனால்தான் இதில் இன்னும் பாண்டித்துரை இருக்கிறார். அவர் தொடங்கி நான் அடித்து முடித்த நகலில் அந்த இடங்கள் எல்லாம் காலியாக இருக்கின்றன. மூக்கையா, ராஜ்கமல் என்று சில பெயர்களை எழுதிப் பார்த்தேன். எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் இந்த ஊரில் ஒரு வீடும், அந்த வீட்டுக்கு ஒரு பக்கத்து வீடும் இருக்கிறது.

இனி இந்தக் கதையை என்னால் முடிக்க முடியாது. ஒரு பெயர் கிடைத்தால் முடிந்துவிடும். கடைசி வரைக்கும் படித்தவர் நீங்கள். நோய் யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். பெயர் மட்டும்தான் உங்களுடையது. கொடுக்கச் சம்மதம் என்றால் எழுதுங்கள். அவசரமில்லை. வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டே சொல்லுங்கள்.